இரண்டு மூலையிலும் சூடு

அவன் தூங்கிவிட்டானா, பாருங்கள். அந்த மூலையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறானே, அவனைத்தான் சொல்கிறேன். மூச்சு சீராக வருகிறதா? ... சரி. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல முடியாத கதை இது. அவன் காதில் மட்டும் விழக்கூடாது என்று சொல்லித்தான் இதில் வருகிறவர் என்னிடம் இதைச் சொன்னார்.

மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஊருக்கு வெளியே பழைய சாலை. புதுச் சாலை போட்ட பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. இரண்டு பக்கமும் மரம். விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு இல்லை. ஒரு கார் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே பாட்டு ஓடுகிறது... நல்ல சத்தம்.

சட்டென்று பாட்டு நின்றது.

கரகரப்பு இல்லை, தேய்ந்து குறையவும் இல்லை. கத்தரித்த மாதிரி நின்றது. அப்புறம் டயர் தரையில் உரசும் சத்தம் மட்டும். கூடவே ஒரு வாசனை... இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் துணி கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்துவிட்டால் வருமே, அந்த வாசனை.

ஓட்டி வந்தவர் வண்டியை ஓரம் கட்டினார். குனிந்து, பக்கத்து இருக்கைக்கு அடியில் பார்த்தார். ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சூடு தாங்காமல் அது தன்னைத் தானே அணைத்துக்கொண்டால் அந்த விளக்கு வரும்.

அவர் பயப்படவில்லை. சலித்துக்கொள்ளவும் இல்லை. "சரி" என்றார். ஒரு வருடமாக எல்லாவற்றுக்கும் அவர் சொல்லி வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் யாரென்றால்... அதோ தூங்குகிறானே என் நண்பன், அவனுடைய அக்கா கணவர். கார்களுக்குப் பாட்டு செட்டு மாட்டுகிற வேலை. வீட்டின் முன்பக்கத்தையே பட்டறையாக வைத்திருந்தார். பெயர் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. ஓம்சாமி என்றால்தான் தெரியும். சாமி கும்பிடுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கர் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம் கணக்கில் அளப்பார்கள்; அது குறைந்தால் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை. மீட்டரை ஸ்பீக்கரில் வைத்து, "நாலு ஓம்... நாலு ஓம்... இது ரெண்டு ஓம்" என்று தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வைத்த பெயர். வாய் திறந்து பேசாத ஆள் வேறு. பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அக்கா அதை வைத்தே அவரை வம்புக்கு இழுப்பாள். "மாப்பிள்ளை எந்நேரமும் ஓம் ஓம்னு சொல்லிட்டே இருப்பாருன்னாங்க. பக்தியான ஆளுன்னு நம்பிக் கழுத்தை நீட்டினேன். கடைசியில பார்த்தா ஸ்பீக்கர் ரிப்பேர்!"

அவர் சிரிக்க மாட்டார். ஆனால் அன்றைக்குப் பூராவும் முணுமுணுப்பில் ஒரு ராகம் ஏறியிருக்கும்.

அந்த வீட்டில் பேச்சு முழுக்க அவளுடையது. மௌனம் முழுக்க அவருடையது. வண்டியில் ஏறினால் மட்டும் இந்தப் பங்கீடு குழம்பிப் போகும். ஏனென்றால் வண்டியில் அவருக்குப் பாட்டு வேண்டும், அதுவும் கதவு அதிர. அவளுக்கோ பேச வேண்டும்.

ஊரில் உள்ள வண்டிகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செட்டு மாட்டுகிறவர், சொந்த வண்டியில் அவள் பக்கத்துக் கதவு ஸ்பீக்கருக்கு மூடியே போடவில்லை. "நாளைக்குப் போடுறேன்" என்பார். அந்த நாளை வரவே இல்லை. கறுப்புக் காகிதக் கூம்பு அப்படியே வெளியே தெரியும். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. ஏதாவது பேச வேண்டுமென்றால் உள்ளங்கையை அந்தக் கூம்பின்மேல் வைத்து அமுக்கிவிடுவாள். பாட்டு மூச்சுத் திணறி அடங்கும்.

"கையை எடு. கூம்பைப் பிடிச்சா உள்ள இருக்கிற கம்பிச் சுருள் ஆடாது. ஆடலைன்னா ஓம் குறைஞ்ச கணக்குதான். ஆம்ப்ளிஃபையர் சூடாகிடும்."

"ஆகட்டும். நான் பேசறப்ப நீங்க சூடாகிறதில்லையா? அது மட்டும் பரவாயில்லையா?"

கை வைத்தால் சூடாகும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஓர் இரவு, உறவுக்காரர் வீட்டிலிருந்து இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இதே பழைய சாலைதான். அவருக்குத் தூக்கக் கலக்கம். கண் அசந்துவிடக் கூடாதென்று பாட்டைக் கூட்டி வைத்திருந்தார். அவள் கூம்பின்மேல் கையை வைத்தாள். ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. "அப்புறம் பேசலாம்" என்று அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார். அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள்... பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோபம் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தார்.

வாசலில் வண்டியை நிறுத்தி, "இறங்கு" என்றார். அவள் இறங்கவில்லை. கழுத்து முழுக்கத் திரும்பியிருந்தது. அத்தனை கோபமா என்று தோளைத் தொட்டார்... ஜில்லென்று இருந்தது. கை மட்டும் இன்னும் அந்தக் கூம்பின்மேலேயே இருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வயது குறைவுதான், ஆனாலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். "சரி" என்றார் இவர். அங்கிருந்து ஆரம்பித்ததுதான் அந்தச் சரி.

அவர் அழவில்லை. எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று. கல்லுக்கு வெயில் பட்டாலாவது சுடும்... இவருக்கு அதுவும் இல்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தெரியாது. இரவில் வண்டிக்குள் போய் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்திருப்பார். சாவி போட மாட்டார். பாட்டு வைக்க மாட்டார். விடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்.

உடம்பிலும் ஓர் இடம் அப்படி ஆகிவிட்டது. இடது தோள். கழுத்துக்கும் கைக்கும் நடுவே, ஓர் உள்ளங்கை அகலம், மரத்துப் போய்விட்டது. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் எட்டிப் பார்த்தது. வலி வரவில்லை. "அன்னைக்கு அவங்களைத் தூக்கினப்ப நரம்பு பிடிச்சிருக்கும். போகப் போகச் சரியாகும்" என்றார். போகப் போகச் சரியாகவில்லை.

அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. அவருக்குள் உயிரோடு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அவள் என்ன சொன்னாள்? இரண்டு தடவை சொன்னாளே... என்ன அது? தன்மேல் கோபத்தோடுதான் போனாளா? பாட்டைக் கூட்டிய அந்த விரலை அவர் அவ்வப்போது தூக்கிப் பார்த்துக்கொள்வாராம். அடுத்தவர் விரலைப் பார்ப்பது போல.

வண்டியை விற்கலாம் என்று ஆரம்பித்தது என் நண்பன்தான்.

"அத்தான், இந்த வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் நீங்க தேற மாட்டீங்க."

"சரி."

"ஒருத்தர் கேட்டிருக்காரு. நாளைக்குக் காலையில கொண்டு வரச் சொல்லியிருக்காரு. அவருக்கு வண்டியைவிடச் செட்டு மேலதான் கண்ணு. பாட்டு கேட்டுப் பார்த்துட்டுத்தான் எடுப்பாராம்."

"சரி."

"வண்டியை எரிச்சுடலாமான்னு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவீங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "செட்டைக் கழட்டிட்டு எரிக்கலாம்" என்றார்.

ஒரு வருடத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. வேடிக்கையாகத்தான் சொன்னாரா என்று என் நண்பனுக்கு இன்றுவரை சந்தேகம்.

அன்று மாலை புது பேட்டரி போட்டு வண்டியை எழுப்பினார்கள். பாட்டு வைத்தார்கள். இரண்டு பாட்டு முடியவில்லை, சிவப்பு விளக்கு.

"வருஷம் பூரா சும்மா இருந்துட்டு, வேலைன்னு சொன்னதும் சூடாகுது பாருங்க. அப்படியே எங்க மேனேஜர்" என்றான் என் நண்பன்.

அவர் குனிந்து பார்த்தார். இருக்கைக்கு அடியில் விரிப்பு ஆம்ப்ளிஃபையரை மூடிக்கொண்டிருந்தது. மூச்சு விட இடமில்லாவிட்டால் சூடாகும். விரிப்பை வெட்டி எடுத்தார். மறுபடி பாட்டு. மறுபடி சிவப்பு.

எர்த் ஒயரைப் பார்த்தார். வண்டி உடம்பில் முடுக்கியிருந்த இடத்தில் துரு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்கினார். சிவப்பு. சத்தத்தைத் தூக்கிவிடுகிற திருகைக் குறைத்தார். சிவப்பு. ஒயர்கள் எங்கேயாவது ஒன்றோடு ஒன்று உரசுகிறதா என்று தடவிக்கொண்டே போனார். இல்லை. கடைசியில் மீட்டரை எடுத்தார். நான்கு கதவு, நான்கு ஸ்பீக்கர்.

"நாலு ஓம்... நாலு ஓம்... நாலு ஓம்... நாலு ஓம்."

ஒரு குறையும் இல்லை. பாட்டு ஓடாதபோது எல்லாம் ஒழுங்கு. பாட்டு ஓடினால் மட்டும் யாரோ சுமையை ஏற்றிவிடுகிறார்கள்.

ஆம்ப்ளிஃபையரின் அலுமினிய முதுகில் புறங்கையை வைத்து வைத்து எடுத்தார். நான்கு ஸ்பீக்கருக்கும் அதற்குள் நான்கு தனி வழி. எந்த வழியில் சுமை கூடுகிறதோ, அந்த மூலை கொதிக்கும்.

"ரெண்டு மூலையில சூடு. நடுவுல பச்சத்தண்ணியாட்டம் இருக்கு."

"எந்த ரெண்டு அத்தான்?"

"ஒண்ணு... உங்க அக்கா பக்கம்."

என் நண்பன் அந்தக் கதவைப் பார்த்தான்.

"இன்னொண்ணு?"

"எனக்குப் பின்னால இருக்கிற கதவு."

"பழைய ஒயர்தானே. உள்ள எங்கேயாவது தோல் உரிஞ்சிருக்கும்" என்றான் என் நண்பன்.

"இருக்கும்" என்றார். முதலில் ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார். ரிப்பேர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஒரு நேரத்துக்கு ஒரு கோளாறு. இரண்டாவது கோளாறை, முதலாவதன் நிழல் என்றே நினைப்பார்கள்.

என் நண்பனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. "விடியறதுக்குள்ள எப்படியாவது பாட வச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

நின்ற வண்டியில் பார்ப்பதை ஓம்சாமி சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். வண்டி ஓட வேண்டும், குலுங்க வேண்டும், அப்போதுதான் கோளாறு முகம் காட்டும் என்பார். ராத்திரியில் கதவு அதிரப் பாட்டு வைத்துக்கொண்டு ஊருக்குள் சுற்ற முடியாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும். அந்தப் பழைய சாலைக்கு அவராகப் போகவில்லை, ஸ்டியரிங்தான் திரும்பியது என்றார் என்னிடம். அவள் போன பிறகு அன்றுதான் முதல் தடவை.

ஆக, சிவப்பு விளக்கு... பழைய சாலை... மணி பதினொன்றுக்கு மேல்.

இஞ்சினை அணைத்துவிட்டுச் சூடு ஆறட்டும் என்று காத்திருந்தார். சூடான உலோகம் ஆறும்போது ஒரு சத்தம் வரும். டிக்... டிக்... யாரோ நகத்தால் தட்டுவது போல. ஜன்னல் திறந்திருந்தது. வெளியே பூச்சிச் சத்தம் இருந்திருக்க வேண்டும், இருந்ததாக நினைவில்லை என்றார்.

விளக்கு பச்சைக்கு மாறியது. நின்ற வரியின் நடுவிலிருந்தே பாட்டு தொடர்ந்தது. அவர் போனின் வெளிச்சத்தை அவள் பக்கத்துக் கதவின்மேல் அடித்தார்.

பாட்டு ஓடினால் கூம்பு துடிக்க வேண்டும். அத்தனை சத்தத்துக்குப் பார்வையிலேயே மங்கலாகும், மேலே படிந்த தூசி துள்ளும். மற்ற மூன்று கதவிலும் பாட்டு அதிர்கிறது. இது மட்டும் அசையவில்லை. தூசி அப்படியே படிந்திருக்கிறது. வெளிச்சத்தை இன்னும் அருகே கொண்டுபோனார். கறுப்புக் காகிதத்தில் மெல்லிய குழிகள். மேலே வரிசையாக நான்கு. கீழே, கொஞ்சம் தள்ளி, ஒன்று.

ஒரு விரலை வைத்துப் பார்த்தார். காகிதம், சுவர் மாதிரி இருந்தது. யாரோ மறுபக்கம்... இல்லை, இந்தப் பக்கமே, தன் விரலுக்கும் காகிதத்துக்கும் நடுவில், அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

நீங்களோ நானோ என்றால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்போம். அவர் ஓடவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"கையை எடு. சூடாகிடும்."

குழிகள் இன்னும் கொஞ்சம் ஆழமாயின.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவள் எதற்காகக் கை வைப்பாள்? பேசுவதற்கு. ஒரு வருடமாகப் பாட்டே வைக்காத வண்டியில் எதன்மேல் கை வைப்பாள்? இன்று பாட்டு வைத்ததும் வைத்திருக்கிறாள். மாலையிலிருந்து அவர் ஒயரைத் தேய்த்துக்கொண்டும் திருகைத் திருப்பிக்கொண்டும் இருந்திருக்கிறார்... அவள் கையை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கேட்கத்தான் வழியில்லை. வேறு யாருக்கும் வழியில்லை என்று சொல்ல வேண்டும். அவருக்கு இருந்தது.

ஸ்பீக்கரும் மைக்கும் உள்ளே ஒரே சங்கதிதான். மின்சாரம் கொடுத்தால் கூம்பு ஆடும், சத்தம் வரும். கூம்பின்முன் யாராவது பேசினால் அதே கூம்பு ஆடும், மின்சாரம் வரும். ஒயரை எந்தப் பக்கம் மாட்டுகிறோம் என்பதுதான் விஷயம். பேசுகிற ஒன்றைக் கேட்கிற ஒன்றாக மாற்ற, தொழில் தெரிந்தவருக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம் போதும்.

பாட்டை நிறுத்தினார். அவள் பக்கத்து ஒயர் இரண்டையும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து உருவினார். பெட்டியில் சோப்புக்கட்டி அளவில் ஒரு சோதனைக் கருவி இருந்தது, எங்கே சிக்னல் வருகிறது என்று ஹெட்போனில் கேட்டுப் பார்க்கிற சாமான். ஒயரின் நுனியை அதில் மாட்டினார். ஹெட்போனைக் காதில் வைத்தார்.

ஸ்ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல். அவ்வளவுதான். திருகைக் கூட்டினார். இரைச்சல் கூடியது. காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் புதிதில்லை. மௌனத்தோடு பழகிய ஆள்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. இரைச்சலுக்கு அடியில்... கண்ணாடி வளையல் ஒன்றோடு ஒன்று மோதும் சத்தம். மிக லேசாக. அப்புறம் எச்சில் விழுங்கும் சத்தம்.

"என்னங்க..."

அவர் வாய் தானாகத் திறந்தது. "சொல்லு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் அந்த வார்த்தையைத் தான் சொன்னதாக நினைவே இல்லை என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவர் குரல் உடைந்தது.

"பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்..."

கோபம் இல்லை. அவளுடைய கோபக் குரல் அவருக்கு மனப்பாடம். இது அது இல்லை. இது கிசுகிசுப்பு. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்க வேண்டும், மற்றவருக்குக் கேட்கக் கூடாது என்று பேசுகிற பேச்சு.

இரைச்சல்... வளையல்...

"பின்னால யாரோ மூச்சு விடறாங்க."

அவர் அசையவில்லை.

"உங்களுக்குப் பின்னாலதான்..."

அதோடு முடிந்தது. இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு தடவை சொன்னாளே, அது இதுதான். கை வைத்தது அவரிடம் பேசுவதற்காகக்கூட இல்லை. பாட்டை அடக்கிவிட்டு, தான் கேட்டது சரிதானா என்று காது கொடுத்துக் கேட்பதற்காக. அவர் பாட்டைக் கூட்டினார். அதன் பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஜன்னல் பக்கம் இல்லை. கழுத்து முழுக்கத் திரும்பியிருந்ததே... அவள் பின் இருக்கையைப் பார்த்தாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

பாட்டு இல்லை. இஞ்சின் இல்லை. அவள் பக்கத்து ஒயர் அவர் மடியில் கிடக்கிறது. ஆம்ப்ளிஃபையருக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அந்த வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டி... துணி...

குனிந்தபடியே புறங்கையை வைத்துப் பார்த்தார். அவள் மூலை ஆறிப் போயிருந்தது. நடுவே பச்சத்தண்ணி. இன்னொரு மூலை, பிறகு பார்க்கலாம் என்று அவர் விட்டு வைத்த மூலை, வைத்த கையை வெடுக்கென்று எடுக்க வைத்தது.

தலைக்கு மேலே கண்ணாடி இருக்கிறது. நிமிர்ந்தால் பின் இருக்கை தெரியும். அவர் நிமிரவில்லை. குனிந்த நிலையிலேயே இருந்தார்.

அப்போது இடது தோளில் ஒரு குறுகுறுப்பு.

கால் மரத்துப் போய், திரும்ப ரத்தம் ஓடும்போது வருமே, அது. முதலில் மரத்த இடத்தின் ஓரத்தில், ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு உணர்ச்சி வந்தது. அப்புறம் அதை ஒட்டி இன்னொரு கோடு. அப்புறம் இன்னொன்று. அவசரமே இல்லாமல். நான்கு கோடுகள். கடைசியாகத் தோளின் பின்பக்கம்... கட்டைவிரல் அளவு.

ஒரு வருடமாக அங்கே எடை இருந்தது என்பதே, எடை போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்தார். இறங்கினார். சாவியை எடுக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் காலில் கல் குத்தியது, வலித்தது. காற்று பட்டது, குளிர்ந்தது. தோளில் சட்டை உரசுவது தெரிந்தது. அப்புறம் அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை என்றார். அவள் கோபமாகப் போகவில்லை. கடைசிவரைக்கும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வழி நெடுக, வாய்விட்டு, ஒரு வருட அழுகையையும் அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தார். வந்தவர் பட்டறையில் கிடந்த பாயில் சாய்ந்தார். என்றைக்கும் இல்லாத தூக்கம். செத்த மாதிரி தூங்கினார்.

அந்தத் தூக்கம்தான் தப்பாகிவிட்டது.

கண் விழித்தபோது உச்சி வெயில். என் நண்பன் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே உட்கார்ந்திருந்தான்.

"வண்டி எங்கடா?"

"கொடுத்தாச்சு அத்தான்! காலையில பார்த்தா வாசல்ல காணோம். தேடிப் போனா பழைய ரோட்டு ஓரத்துல கதவைத் திறந்து போட்டு நிக்குது, சாவியும் அதுலயே. நீங்க இங்க குறட்டை. எழுப்ப மனசு வரல. அக்கா பக்கத்து ஒயர் கழண்டு கிடந்துச்சு, நானே மாட்டி, நானே ஓட்டிட்டுப் போய்க் கொடுத்துட்டேன். செட்டு என்னமா பாடுது தெரியுமா! வழி முழுக்கப் பாட்டுதான். சூடுங்கிறதே இல்ல. எந்த மூலையில அத்தான் கோளாறு இருந்துச்சு?"

அவர் அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"வழியில... ஒண்ணும் தெரியலையா உனக்கு?"

"என்ன தெரியணும்?"

"ஒண்ணுமில்ல" என்றார். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அக்கா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். சாப்பிடுகிறார், என்ன சாப்பிட்டோம் என்று தெரிந்து சாப்பிடுகிறார். பேசுகிறார்கூட. வண்டியை விற்றதுதான் அத்தானைக் காப்பாற்றியது என்று இவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். வாங்கியவரிடமிருந்தும் புகார் எதுவும் வரவில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. நான்கு மூலையும் பச்சத்தண்ணி.

என்னிடம் இதைச் சொல்லி முடித்ததும் ஓம்சாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ எப்பவும் அவன் கூடத்தானே இருக்கே. கொஞ்சம் பார்த்துக்கோ. அவன்கிட்ட கேட்காத, சும்மா பாரு." எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம், நீங்களெல்லாம் வருவதற்கு முன்னால், அவனும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு இருந்தான். இடது தோளில் ஒரு கொசு. வயிறு சிவக்கக் குடித்துக்கொண்டிருந்தது. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் பார்த்தேன்... அப்புறம் கையை ஓங்கி அங்கேயே ஓர் அடி வைத்தேன். சுவரில் பட்டுத் திரும்புகிற அளவுக்குச் சத்தம்.

அவன் பேச்சை நிறுத்திவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"யாரைடா அடிச்சே?" என்றான்.